ஜுரம் விட்டா போதுமா, குதிரை ஓடிடுமா? வாசகர் கேள்வி, கால்நடை டாக்டர் பதில்

கேள்வி: வணக்கம் டாக்டர் சார். நாங்க புளியந்தோப்பு. எங்க தாத்தா ஜட்கா ஓட்டினவரு, நைனா கிண்டில சைஸா (குதிரையை கூடவே இருந்து பாத்துக்கற ஆளா) இருந்தாரு, இப்ப என் தம்பி பெங்களூர்ல ஒரு ரேஸ் ஸ்டேபிள்ல சைஸ் வேலை பாக்கறான். அவன் கையில இருக்கற நாலு வயசு குதிரைக்கு திடீர்னு ஜுரம் வந்து 104 வரைக்கும் ஏறிடுச்சு, மூக்குல சளி, இருமல், நாலு நாள் விடவே இல்ல, தீனியும் எடுக்கல. டாக்டர் வந்து பாத்தாரு, மருந்து குடுத்தாரு, இப்ப ஜுரம் விட்டு ரெண்டு வாரம் ஆகுது. பாக்க பளபளன்னு இருக்கு, நல்லா கனைக்குது. இன்னும் அஞ்சு வாரத்துல ஒரு பெரிய கப் ரேஸ், 2400 மீட்டர். ஓனர் ஓட்டியே ஆகணும்னு நிக்கறாரு. அமெரிக்கால செக்ரடேரியட்னு ஒரு குதிரை உடம்பு சரியில்லாம இருந்துட்டு ரெண்டே வாரத்துல டெர்பி ஜெயிச்சுதே, நம்மளுது ஓடாதான்னு கேக்கறாராம். தம்பிக்கு மனசு ஒப்பல, ஆனா சைஸ் பேச்சை யாரு கேக்கறாங்க? குதிரை நிஜமாவே ரெடியா இல்லையான்னு எப்டி கண்டுபுடிக்கறது? (பேர் வேணாம் சார்)

பதில்: உங்க தம்பிக்கு மனசு ஒப்பலன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, இந்த லெட்டர்ல எனக்கு முக்கியமா பட்டது அது தான். ஓனர் வாரத்துக்கு ஒரு தடவ வருவாரு, ட்ரெய்னர் காலைல ட்ராக்ல பாப்பாரு, டாக்டர் கூப்ட்டா வருவாரு. ராத்திரி குதிரை படுத்துதா, தொட்டில கொள்ளு எவ்ளோ மிச்சம், தண்ணி எத்தனை பக்கெட் குடிச்சுது, சாணி எப்டி இருந்துச்சு, இதெல்லாம் தெரிஞ்ச ஒரே ஆள் சைஸ் தான். அந்த ஆளுக்கு மனசு ஒப்பலன்னா அதுல ஏதோ விஷயம் இருக்கும்.

இப்ப கணக்குக்கு வருவோம். சளி ஜுரம் வந்த குதிரைக்கு டாக்டருங்க ரொம்ப நாளா ஒரு கணக்கு வெச்சிருக்காங்க, எத்தனை நாள் ஜுரமோ அத்தனை வாரம் ரெஸ்ட். நாலு நாள் ஜுரம்னா நாலு வாரம். ரெஸ்ட்னா லாயத்துக்குள்ளயே கட்டி வெக்கறது இல்ல, கையில புடிச்சு நடத்தலாம், ஆனா கேலப் (முழு வேக ஓட்டம்) கிடையாது. ஏன் இவ்ளோ நாள்னா, குதிரையோட மூச்சுக்குழாய் உள்பக்கம் பூரா கண்ணுக்கு தெரியாத மெல்லிசு முடி இருக்கு, தூசியையும் சளியையும் துடைப்பம் மாதிரி மேல தள்ளிட்டே இருக்கறது அது தான். ஃப்ளூ மாதிரி வைரஸ் வந்தா அந்த முடியை அப்டியே அழிச்சுடுது. திரும்பி முளைக்க குறைஞ்சது மூணு வாரம் ஆகும். அதுக்குள்ள வேகமா ஓட விட்டா ட்ராக் புழுதி, லாயத்துல மூத்திர நெடி எல்லாம் நேரா நுரையீரலுக்கு இறங்கும், நிமோனியா ஆகும், சில குதிரைக்கு ஓடும்போது நுரையீரல்ல ரத்தம் கசியும், இன்னும் சில குதிரைக்கு இதய தசையே வீங்கிக்கும். அப்டி வீங்கின இதயத்தோட முழு ஸ்பீடுல போற குதிரை ஓட்டத்துலயே விழலாம். மேல ஒரு ஜாக்கி உக்காந்திருக்கான், பின்னாடி பத்து குதிரை வருது, அந்தப் பையனும் யாரோ வீட்டுப் புள்ளை தானே.

உங்க கதையில ரெண்டு வாரம் போயிடுச்சு, இன்னும் ரெண்டு வாரம் நடை மட்டும் தான். அப்புறம் ரேஸுக்கு மிச்சம் இருக்கறது மூணு வாரம். அந்த மூணு வாரத்துல ட்ராட் (துள்ளு நடை), கேன்டர் (மிதமான ஓட்டம்), அரை ஸ்பீடு, 600 மீட்டர், 1000 மீட்டர்னு ஏத்தி, 2400 மீட்டருக்கு தயார் பண்ணணும். என்னைக் கேட்டா அது பத்தாது. குதிரைக்கு ரெண்டு மூணு வாரம் ரெஸ்ட் குடுத்தா ஃபிட்னஸ் பெருசா போயிடாது, அது உண்மை தான், மனுஷனை விட குதிரை நல்லாவே தாங்கும். ஆனா அது சும்மா ரெஸ்ட்ல நின்ன குதிரைக்கு பொருந்தும், 104 ஜுரத்துல நாலு நாள் தீனி எடுக்காம சதை வத்தின குதிரைக்கு அதே கணக்கை போட முடியாது.

செக்ரடேரியட் கதைக்கும் பதில் சொல்லிடறேன், ஏன்னா ஓனர் அதை வெச்சு தான் வாயை அடைக்கறாரு. 1973 ஏப்ரல்ல உட் மெமோரியல் ரேஸ்ல அந்தக் குதிரை மூணாவதா வந்துச்சு, எல்லாரும் ஆடிப்போனாங்க, அதோட மேல் உதட்டுக்கு உள்பக்கம் ஒரு கட்டி இருந்துச்சு, கடிவாளம் பட்டாலே வலிக்கற இடம். அது சரியானதும் ரெண்டு வாரத்துல கென்டக்கி டெர்பியை ரெண்டு நிமிஷத்துக்கும் கம்மியா ஓடி ஜெயிச்சுது, அப்புறம் பெல்மான்ட் ரேஸ்ல 31 லெங்த் (குதிரை நீளம்) வித்தியாசம். எல்லாம் நிஜம். ஆனா அங்க கோளாறு வாயில, நுரையீரல்ல இல்ல. கட்டி போச்சு, வலி போச்சு, இஞ்சின்ல எந்த சேதமும் கிடையாது. உங்க தம்பி குதிரைக்கு அடி பட்டதே இஞ்சின்ல தான். தம்பி இதை ஓனர்கிட்ட நேரா சொல்ல வேணாம், ட்ரெய்னர் காதுல போட்டு வெக்கட்டும்.

சரி, எப்டி கண்டுபுடிக்கறது? பளபளப்பை நம்பாதீங்க. நல்லா மாலிஷ் பண்ற சைஸ் கையில எந்தக் குதிரையும் பளபளக்கும், உங்க தம்பிக்கே அது தெரியும். ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி, இன்னிக்கு இருந்தே எழுதச் சொல்லுங்க. காலைல தீனி போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ, சாயந்திரம் ஒரு தடவ தெர்மாமீட்டர். 99.5ல இருந்து 101.3 ஃபாரன்ஹீட் வரைக்கும் நார்மல், சாயந்திரம் கொஞ்சம் ஏறும், அது ஒண்ணும் பயம் இல்ல. ஒரு நாள் ரீடிங்ல ஒண்ணுமே தெரியாது, பத்து நாள் வரிசையா பாத்தா தான் அந்தக் குதிரையோட நார்மல் என்னன்னு புரியும், வொர்க் (பயிற்சி ஓட்டம்) பண்ண அன்னிக்கு சாயந்திரம் மட்டும் ஏறுதுன்னா உள்ள இன்னும் ஆறலன்னு அர்த்தம். ஒண்ணு முக்கியம், வலி மருந்து, வீக்க மருந்து எது குடுத்தாலும் ஜுரம் மறைஞ்சுடும், அந்த நாள் ரீடிங்கை நம்ப முடியாது. என்ன மருந்து எந்த தேதில போச்சுன்னு அதே நோட்டுல எழுதணும், ரேஸ் அன்னிக்கு டெஸ்ட்ல மாட்டினா குதிரையோட ட்ரெய்னர் லைசென்ஸுக்கும் ஆபத்து.

பல்ஸ் பாக்க கத்துக்கட்டும். கீழ் தாடை எலும்போட உள் ஓரத்துல ரெண்டு விரலை வெச்சு தேடினா ஒரு ரத்தக்குழாய் விரலுக்கு கீழ உருளும், லேசா அழுத்தினா துடிப்பு தெரியும், அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்கணும். சும்மா நிக்கும்போது 28ல இருந்து 44க்குள்ள இருக்கணும், பயிற்சியில இருக்கற ரேஸ் குதிரைக்கு முப்பதுகள்ல தான் இருக்கும். இதுக்கு முன்னாடி 34 இருந்த குதிரைக்கு இப்ப தினம் 42 வருதுன்னா, நார்மலுக்குள்ள தானேன்னு விட்டுடக்கூடாது. அதே மாதிரி துடிப்பு நடுவுல தடுமாறுச்சுன்னா டாக்டரை கூப்ட்டு ஈசிஜி பாத்தே ஆகணும். நல்லா இருக்கற குதிரைக்கும் ரெஸ்ட்ல ஒரு துடிப்பு விட்டுப்போறது உண்டு, நடந்தா சரியாயிடும், ரெண்டையும் பிரிச்சு சொல்ல டாக்டரால தான் முடியும்.

ஆனா நான் எல்லாத்தையும் விட பெருசா நினைக்கறது வொர்க் முடிஞ்ச அப்புறம் பத்து நிமிஷம். முழு கேலப்ல குதிரையோட இதயம் நிமிஷத்துக்கு 220க்கு மேல அடிக்கும். நிறுத்தின உடனே வேகமா இறங்கணும். நல்ல ஃபிட்ல இருக்கற குதிரை மிதமான வொர்க்குக்கு அப்புறம் பத்து நிமிஷத்துல அறுபது, அறுபத்தஞ்சுக்கு வந்துடும். 600 மீட்டரை சூப்பர் டைமிங்ல ஓடிட்டு இருபது நிமிஷம் கழிச்சும் விலா ஏறி ஏறி இறங்குதுன்னா அந்த டைமிங்கை கொண்டாடக்கூடாது, கடன் வாங்கி ஓடியிருக்கு. பேப்பர்ல டைமிங் மட்டும் தான் வரும், இந்தப் பத்து நிமிஷம் வராது, ஓனரும் ட்ராக்ல டைமிங் கேட்டுட்டு கார் ஏறி போயிடுவாரு. வாட்ச்சை கையில வெச்சுட்டு, நிறுத்தின உடனே, அஞ்சாவது நிமிஷம், பத்தாவது நிமிஷம்னு பல்ஸையும் மூச்சையும் எழுதட்டும். போன வாரம் அதே வொர்க்குக்கு எவ்ளோ, இந்த வாரம் எவ்ளோன்னு பக்கத்துல பக்கத்துல இருக்கணும். குறைஞ்சுட்டே வந்தா குதிரை தேறுது, அங்கயே நின்னுட்டா தேறல.

அன்னிக்கு ராத்திரி தீனியை பாருங்க. கேலப்புக்கு அப்புறம் வழக்கமா ஓட்ஸ், கொள்ளு எல்லாம் வழிச்சு நக்கி காலி பண்ற குதிரை, அன்னிக்கு மட்டும் பாதியை விட்டுட்டு மூலையில திரும்பி நிக்குதுன்னா, செஞ்ச வேலை அதுக்கு ஜாஸ்தி. குதிரை மசால்னு சொல்ற பசுந்தீவனத்தை மட்டும் பொறுக்கித் தின்னுட்டு தானியத்தை விடறதும் அதே கதை தான். இதுக்கு மெஷின் எதுவும் வேணாம், விடியக்காலைல தொட்டிக்குள்ள கையை விட்டு பாத்தா போதும்.

இருமலை பத்தி ஒரு வார்த்தை. லாயத்துல இருந்து வெளிய வந்து ட்ராட் ஆரம்பிக்கும்போது ஒரு தடவ செருமறது பரவால்ல. கேன்டர்ல இருமிச்சுன்னா, இல்ல வொர்க் முடிஞ்சு தலையை கீழ போட்டதும் மூக்குல கெட்டியா வந்துச்சுன்னா, ஓட்டறதை நிறுத்திட்டு ஸ்கோப் (மூக்கு வழியா கேமரா குழாய் விட்டு) பாக்கணும். கேலப் முடிஞ்சு ஒரு மணி நேரம் கிட்ட ஆன அப்புறம் ஸ்கோப் விட்டா தான் மூச்சுக்குழாய்ல சளி இருக்கா, ரத்தம் கசிஞ்சிருக்கான்னு தெளிவா தெரியும், ரெஸ்ட்ல பாத்தா சுத்தமா தான் தெரியும், ஏமாந்துடுவோம். ரத்த டெஸ்ட்டும் கேளுங்க. வெள்ளை அணு மட்டும் பாத்து ஓகேன்னு சொல்றது பழைய வழக்கம், இப்ப 'சீரம் அமைலாய்ட் A'ங்கற ரத்தப் புரதம் ஒண்ணு பாக்கறாங்க, நல்லா இருக்கற குதிரைக்கு அது கிட்டத்தட்ட பூஜ்யம், உள்ள இன்ஃபெக்ஷன் இருந்தா ஒரே நாள்ல எகிறும், சரியானா சீக்கிரம் இறங்கிடும். ஃபைப்ரினோஜன்னு இன்னொரு ரத்தப் புரதம், அது மெதுவா ஏறி மெதுவா இறங்கற ஆள். ரெண்டையும் சேர்த்து பாத்தா நோய் போயிடுச்சா இல்ல பதுங்கியிருக்கான்னு ஓரளவு புரியும். வொர்க் ஏத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு, முதல் வேகமான வொர்க்குக்கு அப்புறம் ஒண்ணுன்னு ரெண்டு தடவ எடுக்கணும், ஒரு ரிப்போர்ட்டை வெச்சு ஒண்ணும் பேச முடியாது.

அதே வரிசையில பக்கத்து குதிரைங்களுக்கும் டெம்பரேச்சர் பாக்கச் சொல்லுங்க, பக்கெட், துணி, பிரஷ் எதையும் மாத்தி மாத்தி யூஸ் பண்ண வேணாம். இங்கிலாந்துல 2019 பிப்ரவரில சில குதிரைக்கு ஃப்ளூ வந்ததுக்கு நாட்டுல மொத்த ரேஸையும் ஆறு நாள் நிறுத்தினாங்க, அதுங்க ஃப்ளூ தடுப்பூசி போட்ட குதிரைங்க தான். நம்ம நாட்டுலயும் 2008ல வந்து பல மாநிலம் பரவிச்சு.

இப்ப உங்க தம்பிக்கு நான் என்ன சொல்றேன்னா, வாயில சொன்னா காதுல ஏறாது, நோட்டை நீட்டினா ஏறும். ட்ரெய்னர்கிட்ட போய் "சார், குதிரை சரியில்ல"ன்னு சொல்ல வேணாம், "சார், போன செவ்வாய் வொர்க்குக்கு அப்புறம் பத்து நிமிஷத்துல 80 இருந்துச்சு, ராத்திரி ரெண்டு கிலோ தீனி மிச்சம், சாயந்திரம் 102 அடிச்சுது"ன்னு சொல்லட்டும். தேதியும் நம்பரும் சொன்னா எந்த ட்ரெய்னரும் நின்னு கேப்பாரு, ஓனர்கிட்ட பேச அவருக்கும் ஒரு புடி கிடைக்கும். ரேஸுக்கு பத்து நாள் முன்னாடி ஒரு மாக் ரேஸ் (ஒத்திகை ரேஸ்) மாதிரி வொர்க் குடுத்து, அதுக்கு அப்புறம் ஸ்கோப், ரத்தம், அடுத்த நாள் தீனி மூணும் சுத்தமா இருந்தா தான் பேச்சே. ஒண்ணு இடிச்சாலும் வித்ட்ரா. அதுல கேவலம் ஒண்ணும் இல்ல. 2020 மெல்போர்ன் கப்ல ஆந்தனி வேன் டைக்னு இங்கிலாந்து டெர்பி ஜெயிச்ச குதிரை ஓட்டத்துல கால் உடைஞ்சு செத்துச்சு, அதுக்கு அடுத்த வருஷத்துல இருந்து வெளிநாட்டு குதிரை அந்த ரேஸ் ஓடணும்னா கால் ஸ்கேன் கட்டாயம்னு ஆக்கினாங்க, ஸ்கேன்ல சந்தேகம்னா எவ்ளோ பெரிய ஓனரா இருந்தாலும் குதிரை வெளிய தான். உங்க ஓனருக்கு நாலு வயசு குதிரை, அடுத்த சீசன் இருக்கு, ரெண்டு மாசம் கழிச்சு ஒரு 1400, 1600 மீட்டர் ரேஸ்ல ஆரம்பிச்சா குதிரையும் இருக்கும், கப்பும் வரலாம்.

கேள்வி: சின்ன வயசுல நைனா கையை புடிச்சுக்கிட்டு பீச் ஸ்டேஷன்ல ட்ரெயின் ஏறி கிண்டி ரேஸுக்கு போவேன். இப்ப வயசு அறுபத்தெட்டு, ஆசை விடல. பேடாக்ல (ரேஸுக்கு முன்னாடி குதிரைங்களை நடத்தி காட்டற இடம்) சுத்தும்போது உடம்பு சரியில்லாம இருந்து வந்த குதிரையை கண்டுபுடிக்க வழி இருக்கா? (ராயபுரம்)

பதில்: ஐயா, ஓரளவு தான் முடியும். ரேஸ் புக்ல கடைசியா எப்ப ஓடிச்சுன்னு பாருங்க, நடுவுல பெரிய இடைவெளி இருந்து காரணம் தெரியலன்னா கண்ணை அந்தக் குதிரை மேல வையுங்க. பக்கவாட்டுல நின்னு கடைசி விலாவுக்கும் பின்தொடைக்கும் நடுவுல இருக்கற இடத்தை பாருங்க, ரொம்ப உள்ள ஒடுங்கி இருந்தா தீனி சரியா எடுக்கலன்னு அர்த்தம். பின்னாடி இருந்து பாத்தா இடுப்புக்கு ரெண்டு பக்கமும் சதை உருண்டு இருக்கணும், எலும்பு முட்டிக்கிட்டு இருந்தா இன்னும் தேறல. காது ரெண்டும் வேலை செய்யுதா, நடையில காலை நல்லா வீசி வெக்குதான்னும் கவனிங்க.

வேர்வை விஷயத்துல நம்ம ஊர்ல ஜனங்க தலைகீழா புரிஞ்சுக்கறாங்க. சென்னை புழுக்கத்துல எல்லா குதிரையும் வேர்க்கும், தொடை நடுவுல நுரை கட்டினா அது டென்ஷன், அதோட போச்சு. எல்லாம் நனைஞ்சு நிக்கும்போது ஒண்ணு மட்டும் காஞ்ச தோலோட, மூக்கை விரிச்சு மேல்மூச்சு வாங்குதா, அது தான் கவலைப்பட வேண்டிய குதிரை. வேர்க்கறதே நின்னுபோற நோய் ஒண்ணு இருக்கு, வெள்ளைக்காரன் காலத்துலயே இந்தியாவுக்கு கொண்டாந்த குதிரைங்ககிட்ட பாத்திருக்காங்க. உடம்பு சூடு வெளிய போக வழி இல்லாம அது ஓடவே கூடாது. ஆனா ஐயா, நான் சொன்னது குதிரையை பாக்கறதுக்கு, பணம் கட்டறதுக்கு இல்ல. 1996ல சுப்ரீம் கோர்ட் குதிரை ரேஸ் திறமை சம்பந்தப்பட்டதுன்னு தீர்ப்பு குடுத்துச்சு, அந்தத் திறமை குதிரைக்கும் ஜாக்கிக்கும் ட்ரெய்னருக்கும் இருந்தாலும், பென்ஷன் பணத்தை கொண்டு போய் அங்க வெக்காதீங்க.

கேள்வி: நான் வியாசர்பாடி, ப்ளஸ் டூ பயாலஜி குரூப். குதிரை டாக்டர் ஆகணும்னு ஆசை, வீட்ல சிரிக்கறாங்க. எங்க படிக்கணும் சார்?

பதில்: சிரிக்கட்டும் பாப்பா. உங்க வீட்ல இருந்து பஸ்ல போற தூரத்துல வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, 1903ல ஆரம்பிச்சது. யுனிவர்சிட்டி ஆபீஸ் மாதவரம் பால்பண்ணையில. அஞ்சரை வருஷம் படிப்பு, கடைசில இன்டர்ன்ஷிப்பும் அதுல சேர்ந்தது. ஸ்டேட் கோட்டா சீட்டுக்கு ப்ளஸ் டூ மார்க் தான் கணக்கு, அதனால பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் மூணையும் இப்பவே இறுக்கிப் புடி. குதிரைக்குன்னு தனியா முதல்லயே படிப்பு கிடையாது, எல்லா பிராணியும் படிச்சுட்டு அப்புறம் சர்ஜரி, மெடிசின்னு மேல போய் குதிரை பக்கம் திரும்பணும். வேப்பேரி ஆஸ்பத்திரி ஓபி பக்கம் ஒரு நாள் காலைல போய் நின்னு பாரு, பிராணி துள்றதையும் ரத்தத்தையும் பாத்து பயம் வருதா, கை துறுதுறுங்குதான்னு உனக்கே தெரிஞ்சுடும்.

கேள்வி: குதிரை கேள்வி போட்றீங்க, எங்க புறாவுக்கும் சொல்லுங்க சார். என் ஹோமர் (வீடு தேடி பறந்து வர்ற ரேஸ் ஜாதி) ஆண் புறா, நல்ல லைன், பத்து நாள் முன்னாடி தீனியை எடுத்து எடுத்து கீழ போட்டுச்சு, தொண்டைல மஞ்சளா இருந்துச்சு, மாத்திரை குடுத்து சரியாயிடுச்சு. மூணு வாரத்துல நெல்லூர்ல இருந்து ரேஸ். விடலாமா? (காசிமேடு)

பதில்: தொண்டைல மஞ்சள் பாலாடை படிஞ்சா அது பெரும்பாலும் கேன்கர்ங்கற தொத்து நோய் (கேன்சர் இல்ல), தண்ணி கிண்ணம் வழியா கூண்டு பூரா பரவும், அதனால அந்த ஒரு புறாவை மட்டும் பாத்து நிறுத்தாதீங்க, எல்லா வாயையும் தொறந்து டார்ச் அடிச்சு பாருங்க, கிண்ணத்தை தினமும் கழுவி வெயில்ல காய வையுங்க.

ஆண் புறாவை கையில எடுங்க. நெஞ்சு எலும்பு கத்தியா தட்டுப்பட்டா இந்த ரேஸ் வேணாம். ரெண்டு பக்கமும் சதை நிறைஞ்சு, இறகை ஊதி பாத்தா தோல் ரோஸ் கலர்ல இருக்கணும், நீலம் தட்டினாலும் செதில் உதிர்ந்தாலும் நல்லதில்ல. மூக்கு மேல இருக்கற வெள்ளை, சுண்ணாம்பு அடிச்சாப்ல வெள்ளையா இருக்கணும், அழுக்கு பழுப்பா இருந்தா மூச்சு பக்கம் தொந்தரவு. எச்சம் கெட்டியா உருண்டு மேல வெள்ளை தொப்பியோட விழணும். இது எல்லாம் சரியா இருந்தா முதல் வாரம் மொட்டை மாடியை சுத்தி தானா பறக்கட்டும், விரட்டாதீங்க. அப்புறம் செங்குன்றத்துல இருந்து விட்டு பாருங்க, ரெண்டு நாள் ரெஸ்ட் விட்டு கும்மிடிப்பூண்டி, அதுல நல்லா வந்தா சூளூர்பேட்டை. வந்து இறங்கின உடனே தண்ணி குடிச்சுட்டு அரை மணில தானியம் கேட்டா சரி. வாயை தொறந்துக்கிட்டு ஒரு மணி நேரம் பலகை மேலயே உக்காந்திருந்தா நெல்லூருக்கு பேர் குடுக்காதீங்க, அடுத்த ரேஸுக்கு வெச்சுக்கங்க.